380 எப்படி 38 ஆயிற்று?

களத்துமேட்டில் இரண்டு மரக்கால் வைத்திருந்த மிராசுதாரரைப் பற்றி நம் கிராமங்களில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். குத்தகை நெல்லை அளந்து வாங்க ஒரு மரக்கால். கூலி நெல்லை அளந்து போட வேறொரு மரக்கால். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அடிப்பாகத்தில்தான் சூட்சுமம். "அளவு குறையுதுங்களே, ஐயா!" என்று எவனாவது வாய் திறந்தால், "கணக்கப்பிள்ளை எழுதியாச்சு, போடா!" என்று பதில் வரும். கண்ணெதிரே கிடக்கும் நெல் பொய். கணக்கப்பிள்ளையின் எழுத்துதான் மெய்!

அந்த மிராசுதாரர் போய்விட்டார். அவருடைய மரக்கால் போகவில்லை. உலகத்தில் வேறெந்த நாட்டையும்விட அதிகப் பணத்தைப் பட்டாளத்துக்குக் கொட்டும் அமெரிக்க சர்க்காரின் இராணுவத் தளங்களில் அது பத்திரமாக இருந்து வந்திருக்கிறது. அங்கே அதைக் கொண்டு விஷத்தை அளக்கிறார்கள்.

பட்டாளம் என்றால் துப்பாக்கியும் டாங்கியும் மட்டுமா? விமானத்தின் எஞ்சினில் படிந்த கிரீஸைக் கழுவும் கரைப்பான், பெயிண்ட், அமிலம், பழைய பாட்டரி, எண்ணெய்க் கசடு, வெடிமருந்தின் மிச்சம் என்று அத்தனையும் அதில் சேர்த்தி. எல்லாம் ஒருநாள் கழிவாகிறது. அந்தக் கழிவு எங்கே போகிறது? எவ்வளவு போகிறது? யார் எழுதி வைக்கிறார்கள்? எழுதியது உண்மையா? "கழிவுக் கணக்கைத் துல்லியமாக்க வேண்டும்" என்று அங்கே அதிகாரிகளும் நிபுணர்களும் பல்லாண்டுகளாகப் பேசி வருகிறார்கள். பேசட்டும். கணக்கு ஏன் தப்பாகிறது என்பதை நாம் பேசுவோம்.

ஒரு கிணற்றின் கதை

அமெரிக்காவின் வட கரோலினா ராஜ்யத்தில், அட்லாண்டிக் கடலோரத்தில், கேம்ப் லஜூன் என்ற பெரிய மரீன் படைத்தளம் இருக்கிறது. சிப்பாய்களும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும் அங்கேயே குடியிருந்து, தளத்தின் கிணற்று நீரையே குடித்தார்கள். 1953 முதல் 1987 வரை அந்தக் குடிநீரில் விஷம் கலந்திருந்தது என்பதை இன்று அமெரிக்க சர்க்காரே ஒப்புக்கொள்கிறது. பூமிக்கடியில் ஒழுகிய எண்ணெய்த் தொட்டிகள், கொட்டி மூடிய கழிவுக் குழிகள், எந்திரங்களைக் கழுவி ஊற்றிய கரைப்பான்கள், தளத்துக்கு வெளியே இருந்த ஒரு சலவைக் கடையின் கழிவு ஆகிய எல்லாம் மண்ணில் இறங்கி ஊற்றைத் தொட்டன. பத்து லட்சம் பேர் வரை அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

இனித்தான் மரக்கால் வருகிறது. எண்ணெய்க் கிடங்குக்கு அருகிலிருந்த ஒரு கிணற்று நீரை 1984-ல் சோதித்தார்கள். பென்சீன் என்ற இரசாயனம் நூறு கோடி பங்குக்கு 380 பங்கு இருந்தது. பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும். குடிநீரில் அது 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க சர்க்காரின் வரம்பு. 380 எங்கே, 5 எங்கே!

1992-ல் வேறொரு கண்ட்ராக்ட் கம்பெனி அதே கிணற்றைப் பற்றி ரிப்போர்ட் எழுதியது. 380 அதில் 38 ஆகிவிட்டது! 1994-ல் அதே கம்பெனியின் இறுதி ரிப்போர்ட் வந்தது. பென்சீன் என்ற பேச்சே அதில் இல்லை! மந்திரவாதி கூட இவ்வளவு நேர்த்தியாகச் செய்ய மாட்டான்.

இப்படிப்பட்ட கணக்கை வைத்துக்கொண்டுதான் மத்திய சுகாதார ஏஜென்சி 1997-ல் அந்தத் தளத்தைப் பற்றி ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த மதிப்பீடு செல்லுபடியாகி வந்தது. பென்சீன் விடுபட்ட குட்டு வெளிப்பட்ட பிறகு, 2009-ல் அதை வாபஸ் வாங்கினார்கள். வாபஸ் வாங்க உழைத்தவர் யார்? அதே தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார்ஜெண்ட் அதில் முன்னணியில் நின்றார். அவருடைய ஒன்பது வயது மகள் 1985-ல் இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனாள். குடித்த தண்ணீர் கெட்டது என்ற செய்தியைப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து டெலிவிஷன் பார்த்துத்தான் அந்தத் தகப்பன் தெரிந்துகொண்டார். பட்டாளம் அவருக்குச் சொல்லவில்லை.

கைத்தவறு என்பீர்களா?

இந்தச் செய்தியை எங்கள் படிப்பகத்தில் உரக்கப் படித்தேன். "ஒரு சைபர் விட்டுப்போச்சு. கைத்தவறாக்கூட இருக்கலாமில்லே?" என்றார் ஓர் இளம் தோழர். மூலையில் உட்கார்ந்திருந்த நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் சிரித்தார். "தம்பி, முப்பது வருஷம் மில்லிலே வேலை செஞ்சேன். என் சம்பளச் சீட்டிலே எத்தனையோ தடவை கைத்தவறு விழுந்திருக்கு. ஒரு தடவைகூட எனக்கு ரூபா கூடுதலா விழுந்ததில்லே" என்றார்.

இதற்கு மேல் ஒரு நிபுணர் என்ன சொல்லிவிட முடியும்? 380 கைத்தவறாக 3,800 ஆகியிருந்தால், அன்று மாலையே நாலு அதிகாரிகள் ஓடி வந்து திருத்தியிருப்பார்கள். 38 ஆனபோது யார் கண்ணையும் அது உறுத்தவில்லை. தவறு செய்பவன் மனிதன்தான். ஆனால் எந்தத் தவறு திருத்தப்படும், எந்தத் தவறு தங்கிவிடும் என்பதைத் தீர்மானிப்பது மனித சுபாவம் அல்ல. யாருக்கு ஆதாயம் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

மில் தோழர்களுக்கு இது நன்றாகப் புரியும். பேலில் வந்த பஞ்சு எத்தனை கிலோ, நூலாகப் போனது எத்தனை, கழிவுப் பஞ்சு எத்தனை என்று நிர்வாகம் ஒரு கிலோ விடாமல் எழுதி வைக்கிறது. கழிவு சற்றுக் கூடினால் மேஸ்திரி கத்துகிறார்; தொழிலாளிக்கு மெமோ வருகிறது. ஏன் இத்தனை துல்லியம்? கழிவுப் பஞ்சு காசு! விஷக் கழிவோ செலவு. எழுதினால் அப்புறப்படுத்தப் பணம் கொடுக்க வேண்டும். ஊற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். நஷ்ட ஈடு தர வேண்டும். ஆகவே பஞ்சுக் கணக்குத் துல்லியம். விஷக் கணக்குக் குளறுபடி. இரண்டையும் எழுதுவது ஒரே பேனாதான்.

சீட்டு உண்டு, ஓட்டையும் உண்டு

"அமெரிக்காவில் சட்டமே இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. 1976-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அபாயகரமான கழிவு பிறக்கும் இடத்திலிருந்து புதைக்கும் இடம் வரை அதன் கூடவே ஒரு சீட்டு போக வேண்டும். அனுப்புகிறவர், லாரிக்காரர், வாங்குகிறவர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். வாங்கியவரின் கையெழுத்தோடு நகல் அனுப்பியவருக்குத் திரும்பி வர வேண்டும். குறித்த நாளுக்குள் வராவிட்டால், "என் சரக்கு காணாமல் போயிற்று" என்று அவர் சர்க்காருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். யோசனை நல்ல யோசனைதான். நாம் அதைக் குறை சொல்லவில்லை.

ஆனால் பட்டாளத்திடம் அந்தச் சட்டம் பட்ட பாட்டைப் பாருங்கள். மேரிலாந்து ராஜ்யத்தின் அபர்டீன் இராணுவச் சோதனை நிலையத்தில் இரசாயன ஆயுத வேலையில் இருந்த மூன்று சிவிலியன் அதிகாரிகள், அபாயகரமான கழிவைச் சட்டவிரோதமாக வைத்திருந்த வழக்கில் 1989-ல் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. தண்டனை? சிறை இல்லை. நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூக சேவையும்தான். கடையில் ஒரு ரொட்டியைத் திருடிய ஏழைக்கு இந்தக் கருணை கிடைக்குமா?

ஒஹையோ ராஜ்யத்தில் அணுகுண்டுத் தொழிலுக்கு யுரேனியம் தயாரித்த பெர்னால்ட் ஆலையின் கழிவு விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. செய்து முடித்த குற்றத்துக்காக மத்திய சர்க்காருக்கு ஒரு ராஜ்யம் அபராதம் போட முடியாது என்று 1992 ஏப்ரலில் கோர்ட்டு சொல்லிவிட்டது. தனியார் தொழிற்சாலை கொட்டினால் அபராதம். சர்க்காரின் ஆலையும் இராணுவத் தளமும் கொட்டினால் அரசனின் விலக்கு! நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பாராளுமன்றம் வேறு சட்டம் போட்டு அந்த ஓட்டையை அடைத்தது.

அடைத்த கையோடு இன்னொரு ஓட்டை. வெடிகுண்டு எப்போது "கழிவு" ஆகிறது? இதற்கு 1997-ல் விதி செய்தார்கள். பயிற்சி மைதானத்தில் சுட்ட குண்டு, விழ வேண்டிய இடத்திலேயே விழுந்து கிடந்தால் அது கழிவு அல்லவாம்! உபயோகித்த பொருளாம்! போர்ட்டோ ரிக்கோவில் வியகெஸ் என்ற சின்னத் தீவு. அமெரிக்கக் கடற்படை சுமார் அறுபது ஆண்டுகள் அங்கே குண்டு போட்டுப் பயிற்சி செய்தது. 1999-ல் இலக்குத் தவறி விழுந்த குண்டுக்கு ஒரு சிவிலியன் காவலாளி பலியானார். தீவு மக்கள் குண்டு விழும் மைதானத்துக்குள்ளேயே போய்க் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மறியல் செய்தார்கள், சிறை சென்றார்கள். 2003-ல் கடற்படை மூட்டை கட்டியது. வெளியேறிய பிறகு, 2005-ல் அந்த இடத்தை நாட்டின் மிக மோசமான விஷக் கழிவு இடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அறுபது ஆண்டு "உபயோகித்த பொருள்" மக்கள் போராடிய பிறகுதான் அழுக்கு என்ற பெயரையே பெற்றது.

காணாமற் போன இருபதாயிரம் காலன்

"அதெல்லாம் பழைய காலம். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. காகிதச் சீட்டுக்குப் பதில் மின்னணுச் சீட்டு. டிரம்முக்கு டிரம் கோடு ஒட்டிவிட்டால் துளி தப்பாது" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. மின்னணுச் சீட்டு அமெரிக்காவில் 2018-ல் நடைமுறைக்கு வந்தது உண்மைதான். நல்ல காரியம்தான். ஆனால் 2021-ல் நடந்ததைக் கேளுங்கள்.

ஹவாயில், பேர்ல் ஹார்பருக்கு அருகே, ரெட் ஹில் என்ற குன்றுக்குள் கடற்படை இருபது இராட்சத எண்ணெய்த் தொட்டிகளைப் புதைத்து வைத்திருந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்துத் தொட்டிகள். அவற்றுக்கு நேர் கீழே, சுமார் நூறு அடியில், குடிநீர் ஊற்று! 2021 மே 6 அன்று குழாய் உடைந்து விமான எண்ணெய் கொட்டியது. கடற்படை கணக்குச் சொன்னது: கொட்டியது 1,618 காலன், 38 காலன் தவிர மீதியை அள்ளிவிட்டோம்.

மறுபடியும் அதே 38! நல்ல ராசியான எண் போலும்.

உண்மை என்ன? ஒரு தொட்டியில் 20,000 காலன் எண்ணெய் குறைந்திருந்தது. அளவு கருவி அதைச் சரியாகத்தான் காட்டியது. எண்ணெய் வேறு குழாய்களுக்குள் போயிருக்கும் என்று எண்ணி விட்டுவிட்டார்கள். மேலிடத்துக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லவில்லை. அந்த எண்ணெய் தீயணைப்புக்கான வடிகால் குழாயில் புகுந்து ஆறு மாதம் அங்கேயே தேங்கி நின்றது. நவம்பர் 20 அன்று சுரங்கத்தில் ஓடும் வண்டி ஒன்று அந்தக் குழாயின் வால்வில் மோதியது. எண்ணெய் பீறிட்டு ஊற்றை அடைந்தது. குழாய் வரை சரக்காக இருந்தது, மண்ணில் இறங்கியதும் விஷமாயிற்று. சுமார் 93,000 பேருக்குத் தண்ணீர் தந்த குழாய்களில் எண்ணெய் வாடை அடித்தது. குழந்தைகளுக்கு வாந்தி, தோலில் கொப்புளம். "தண்ணீர் கெட்டதற்கு உடனடி அறிகுறி எதுவும் இல்லை, நாங்களும் அதைத்தான் குடிக்கிறோம்" என்ற ரீதியில் தளபதி முதலில் அறிக்கை விட்டார். மக்கள் கொதித்தெழுந்தார்கள். 2022 மார்ச்சில் அந்தக் கிடங்கையே மூட உத்தரவிட வேண்டியதாயிற்று.

கம்ப்யூட்டர் பக்தர்களே, பதில் சொல்லுங்கள்! கருவி பொய் சொல்லவில்லை. 20,000 காலன் குறைகிறது என்று அது மே மாதமே சொல்லிவிட்டது. பொய்யானது ரிப்போர்ட்! எவ்வளவு உயர்ந்த கருவியானாலும், அது காட்டும் எண்ணை எழுதுவதா விழுங்குவதா என்று முடிவு செய்கிறவன், எழுதினால் அடி வாங்கப் போகிறவனாகவே இருந்தால், கணக்கு எப்படி நேராகும்? கள்ள மரக்காலுக்கு வெள்ளிப் பூண் போட்டால் அது நல்ல மரக்கால் ஆகிவிடுமா?

கணக்கே இல்லாத புகை

கணக்குத் தப்பான இடங்களைப் பார்த்தோம். கணக்கே எழுதாத இடங்களும் உண்டு. ஈராக்கையும் ஆப்கானிஸ்தானத்தையும் ஆக்கிரமித்த காலத்தில், முகாமின் குப்பையை எல்லாம் திறந்த குழியில் போட்டு எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். பிளாஸ்டிக், பாட்டரி, பெயிண்ட், ஆஸ்பத்திரிக் கழிவு எல்லாம் ஒரே குழியில். 2010 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானத்தில் 251 குழிகளும் ஈராக்கில் 22 குழிகளும் இருந்ததாக அமெரிக்கப் பாராளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் எழுதியது. எந்தக் குழியில், எந்த நாளில், என்ன எரிந்தது? முறையான பதிவு இல்லை. ஊர் திரும்பிய சிப்பாய் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனால், "எரிகுழிப் புகையால்தான் நோய் வந்தது என்பதற்கு ருசு எங்கே?" என்று கேட்டார்கள். ருசு வைத்திருக்க வேண்டியது யார்? பதிவு செய்யாதவனே பதிவைக் காட்டு என்று கேட்கிற அக்கிரமம்! முன்னாள் சிப்பாய்களும் அவர்கள் குடும்பங்களும் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2022 ஆகஸ்டில்தான் சட்டம் வந்தது. குறிப்பிட்ட நோய்களுக்குத் தனி ருசு கேட்பதில்லை என்று ஆயிற்று. கேம்ப் லஜூன் தண்ணீரைக் குடித்தவர்கள் நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடரவும் அதே சட்டம் வழி விட்டது.

சரி, அதே புகையைச் சுவாசித்த ஈராக் விவசாயிக்கு? ஆப்கானிஸ்தானத்துக் குழந்தைக்கு? அந்தச் சட்டத்தில் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது. பிலிப்பைன்ஸில் கிளார்க், சூபிக் தளங்களைக் காலி செய்து 1992-க்குள் அமெரிக்கப் பட்டாளம் கிளம்பியது. மண்ணும் நீரும் கெட்டிருப்பதை அமெரிக்கத் தணிக்கை அலுவலகமே எழுதியது. ஒப்பந்தப்படி சுத்தம் செய்யும் கடமை மட்டும் அமெரிக்காவுக்கு இல்லையாம்! சொந்த நாட்டில் அரை மரக்கால். அந்நிய மண்ணில் மரக்காலே இல்லை.

"சோவியத் யூனியன் மட்டும் யோக்கியமா?" என்று ஒரு நண்பர் கேட்பார். மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. சோவியத் கடற்படையும் பழைய அணு உலைகளை ஆர்க்டிக்கின் காரா கடலில் மூழ்கடித்தது. 1982-ல் கே-27 என்ற நீர்மூழ்கிக் கப்பலையே அங்கே மூழ்கடித்தது. 1993-ல் ரஷ்ய சர்க்காரின் கமிஷன் ரிப்போர்ட் வந்த பிறகுதான் உலகத்துக்கு விவரம் தெரிந்தது. அது தவறு, பெரிய தவறு. எந்தக் கொடி பறந்தாலும், இரகசியம் என்ற பூட்டுக்குப் பின்னால் எழுதப்படும் கழிவுக் கணக்கு மக்களுக்கு எதிரான கணக்காகவே முடிகிறது. இது நம் வாதத்தைப் பலப்படுத்துகிறதே தவிர, பலவீனப்படுத்தவில்லை.

கழித்தல் தெரிந்தால் போதும்

நான் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். இரசாயனம் படித்தவன் அல்ல. ஆனால் கழித்தல் கணக்குத் தெரியும். உதாரணத்துக்கு, ஒரு தளத்துக்கு ஆண்டில் நூறு டிரம் கரைப்பான் வந்தது. கிடங்கில் இருப்பு இருபது. கழிவாகச் சீட்டோடு வெளியே போனது ஐம்பது. மீதி முப்பது எங்கே? ஆவியாகிவிட்டது என்றால், அந்த ஆவியை மூச்சில் இழுத்தவன் யார்? சாக்கடையில் போயிற்று என்றால், அந்தச் சாக்கடை எந்த ஊற்றில் சேர்கிறது? வெளியே போன டிரம்மை மட்டும் எண்ணுகிற கணக்குக்கு இந்த முப்பது டிரம் தெரியவே தெரியாது. உள்ளே வந்ததிலிருந்து தொடங்குகிற கணக்கு ஒன்றுதான் அதைப் பிடிக்கும்.

ஆகவே, விஷக் கணக்கு மெய்யாக வேண்டுமானால் வேண்டியவை இவை:

ஒன்று: வரவு, இருப்பு, செலவு, கழிவு நான்கையும் ஒரே ஏட்டில் எழுத வேண்டும். வித்தியாசம் வந்தால், விளக்கம் கிடைக்கும் வரை அதைக் கொட்டியதாகவே பாவிக்க வேண்டும்.

இரண்டு: சோதிக்கிறவருக்குச் சம்பளம் கொடுப்பது சோதிக்கப்படுகிறவராக இருக்கக் கூடாது. தளபதி அமர்த்திய கண்ட்ராக்டர் தளபதிக்கு எதிராக எழுதுவான் என்று நம்புவது, பூனையிடம் பாலைக் காவல் வைப்பது.

மூன்று: டிரம்மை உருட்டுகிறவனின் சாட்சியம் ஏட்டில் ஏற வேண்டும். குறை கண்டு சொன்னதற்காக அவன் வேலை போகக் கூடாது.

நான்கு: மூல எண்கள் மக்கள் பார்வைக்கு வர வேண்டும், ஒரு தலைமுறை வரை அழியாமல் இருக்க வேண்டும். புற்றுநோய் இருபது முப்பது ஆண்டு கழித்தும் வரும். அதற்குள் ஏடு கரையானுக்குப் போய்விட்டால் நியாயம் யாரிடம் கேட்பது?

"இராணுவ இரகசியம் என்னாவது?" என்று கூக்குரல் எழும். டாங்கியின் சூட்சுமத்தை யாரும் கேட்கவில்லை. தாய்மார் குடிக்கும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறோம். குழந்தையின் இரத்தத்தில் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு அதில் என்ன இரகசியம்?

தோழர்களே! இது கடல் கடந்த கதை என்று மடித்து வைத்துவிடாதீர்கள். நம் நாட்டிலும் 2016-ம் ஆண்டு விதிப்படி அபாயகரமான கழிவோடு ஏழு நகல் கொண்ட சீட்டு, ஏழு நிறத்தில், கூடவே போக வேண்டும். அனுப்புகிறவருக்கு நகல் உண்டு, லாரிக்காரருக்கு உண்டு, வாங்குகிறவருக்கு உண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உண்டு. டிரம்மை உருட்டும் தொழிலாளிக்கு இல்லை. அந்த ஊற்றில் தண்ணீர் இறைக்கும் விவசாயக் கூலிக்கும் இல்லை. எட்டாவது நகல் எங்கே என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

களத்துமேட்டு மரக்காலை மிராசுதாரர் மனமிரங்கி மாற்றவில்லை. கூலிக்காரர்கள் ஒன்றாக நின்று, "அளவை எங்கள் கண் முன்னால் போடு! நாங்கள் கொண்டுவந்த மரக்காலில் போடு!" என்று சொன்ன நாளில்தான் அளவு நேராயிற்று. கிணற்றடியிலும் ஆலை வாசலிலும் பட்டாளத் தளத்தின் வேலிக்கு வெளியிலும் அதே குரல்தான் எழ வேண்டும். 380 என்றால் 380 என்றே எழுது!